ராடார் அலைகளும் கடற்காற்றின் அடுக்குகளும்

இரண்டாம் உலகப் போர் நடைபெற்ற ஆண்டுகளில் பம்பாய்க் கடற்கரையில் ராடார் நிலையம் ஒன்று இயங்கி வந்தது. அது பயன்படுத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 1½ மீட்டர். கடலில் வரும் கப்பல்களையும் வானில் வரும் விமானங்களையும் முன்கூட்டிக் கண்டறிதல் அதன் பணி. மழைக்காலத்திற்கு முந்திய வெப்ப மாதங்களில் அதன் திரையில் விந்தையான எதிரொலிகள் தோன்றின. அவற்றை ஆராய்ந்தபோது, அவை ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியக் கடற்கரையிலிருந்து திரும்பி வந்தவை எனத் தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் அவ்வெதிரொலிகள் மறைந்தன. கருவியும் அதனை இயக்கியோரும் முன்போலவே இருக்க, காற்று மட்டுமே மாறியிருந்தது.

பூமி உருண்டையாதலின், கரையில் நிற்கும் ராடார் தொடுவானத்திற்குக் கீழே மறைந்துள்ள பொருளைக் காண இயலாது என்பது பொதுவிதி. சாதாரண நிலையில் 100 மீட்டர் உயரத்தில் அமைந்த ராடாருக்குக் கடல்மட்டத்தில் தொடுவானம் ஏறத்தாழ 41 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வாறாயின் அரேபியா பம்பாய்க்கு எவ்வாறு தெரிந்தது? இவ்வினாவுக்குரிய விடையையும், அந்நிலை எந்த நாளில் எந்தக் கடற்பகுதியில் உண்டாகும் என்பதை வானிலை முன்னறிவிப்புக்கான கணித மாதிரிகளைக் கொண்டு அறியும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

அலை வளையும் விதம்

கோடை நண்பகலில் தார்ச்சாலையில் கானல் நீர் தோன்றுவதை அனைவரும் அறிவர். சாலையை ஒட்டிய காற்று மிகவும் சூடாகவும், அதற்கு மேலுள்ள காற்று சற்றுக் குளிர்ந்தும் இருப்பதால், ஒளிக்கதிர் நேர்கோட்டிலிருந்து விலகி மேல்நோக்கி வளைகின்றது. வானத்தின் ஒளியே தரையில் நீர் போலத் தோன்றுகின்றது. ராடார் அலையும் ஒளியைப் போன்ற மின்காந்த அலையே. ஆதலின் அதுவும் காற்றின் அடுக்குகளில் வளைந்தே செல்கின்றது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒளியை வளைப்பதில் நீராவிக்குப் பங்கு மிகச் சிறிது. ராடார் அலையை வளைப்பதிலோ நீராவிக்கே முதலிடம்.

காற்றின் விலகல் எண் ஒன்றுக்குச் சற்றே மிகுந்தது. எடுத்துக்காட்டாக அது 1.000384 என இருக்கலாம். இத்தகைய எண்களைக் கையாளுதல் கடினமாதலின், ஒன்றைக் கழித்து, எஞ்சியதைப் பத்து லட்சத்தால் பெருக்கி, 384 அலகு என விஞ்ஞானிகள் குறிப்பர். இவ்வலகைக் கணக்கிடும் முறை எளிது. நீராவியின் அழுத்தத்தை மில்லிபாரில் எடுத்துக்கொண்டு 4,810-ஆல் பெருக்கிக் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். வந்த ஈவைக் காற்றழுத்தத்துடன் கூட்ட வேண்டும். அத்தொகையை 77.6-ஆல் பெருக்கி, மீண்டும் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் விலகல் அலகு கிடைக்கும்.

நம் நாட்டுக் கடலோர வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ 4 அலகு குறையும். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 1½ அலகு குறையும். எனவே, மேலே செல்லச் செல்ல காற்று விரைவாக உலர்ந்தும், உடன் வெப்பமுற்றும் இருந்தால், விலகல் அலகு மிக விரைவாகக் குறையும் என்பது தெளிவு.

சாதாரண வளிமண்டலத்தில் இக்குறைவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40 அலகு. அப்போது அலை சிறிதளவு கீழ்நோக்கி வளைகின்றது. அவ்வளைவின் ஆரம் 25,000 கிலோமீட்டர். பூமியின் ஆரமோ 6,370 கிலோமீட்டர் அளவே. ஆகையால் அலை பூமியைத் தொடர்ந்து செல்ல மாட்டாமல் விண்ணை நோக்கி அகன்றுவிடுகின்றது. குறைவு கிலோமீட்டருக்கு 157 அலகாக இருந்தால், அலையின் வளைவும் பூமியின் வளைவும் ஒத்துவிடும். அதற்கு மேலும் குறைவு மிகுந்தால், அலை பூமியை நோக்கித் திரும்பும். கடற்பரப்பில் பட்டு எழும். மீண்டும் வளைந்து திரும்பும். இவ்வாறு அலை ஒரு மெல்லிய காற்றடுக்குக்குள் சிறைப்பட்டு, குழாயில் ஓடும் நீர் போல நெடுந்தொலைவு செல்லும். இவ்வடுக்கை ஆங்கிலத்தில் 'டக்ட்' என்பர். உடலியல் நூல்களில் அச்சொல்லுக்கு 'நாளம்' என்பது வழக்காதலின், நாம் இதனை அலைநாளம் என வழங்குவோம்.

மூவகை நாளங்கள்

கடல்மேல் அமையும் அலைநாளங்கள் மூவகைப்படும்.

முதலாவது ஆவியாதல் நாளம். கடல்நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று நீராவியால் நிறைவுற்றிருக்கும். சில மீட்டர் மேலே சென்றாலே ஈரம் விரைவாகக் குறைந்துவிடும். எனவே வெப்பக் கடல்களின்மேல் ஏறத்தாழ எப்பொழுதும் இந்நாளம் காணப்படும். இதன் உயரம் பெரும்பாலும் பத்து முதல் இருபது மீட்டர் அளவில் அமையும்.

இரண்டாவது கடற்பரப்பை ஒட்டிய தடித்த நாளம். நிலத்தில் காய்ந்த சூடான, உலர்ந்த காற்று கடல்மேல் பரவும்போது இது உண்டாகும். கீழே குளிர்ந்த ஈரக்காற்றும் மேலே வெப்பமான உலர்காற்றுமாக அமைந்து, சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர்வரை இது தடிக்கும்.

மூன்றாவது உயர்நாளம். மேலிருந்து இறங்கும் காற்று அழுந்திச் சூடாகி, ஈரமான கடற்காற்றின்மேல் மூடிபோல் படியும். உயரச் செல்லச் செல்லக் குறைய வேண்டிய வெப்பநிலை அவ்விடத்தில் தலைகீழாக உயரும். அம்மூடியை ஒட்டி, கடலைத் தொடாமல் வானில் மிதக்கும் நாளம் இது. சர்வதேச இந்துமகா சமுத்திர ஆராய்ச்சியின்போது, 1963, 1964-ஆம் ஆண்டுகளில் விமானங்களிலிருந்து அளவுக்கருவிகளை இறக்கி அரபிக்கடலின் காற்றை அளந்தனர். பருவக்காற்றுக் காலத்திலும் மேற்கு அரபிக்கடலில் இத்தகைய மூடி தாழ்வாகவும் வலிவாகவும் இருப்பதும், கிழக்கே வர வர அது உயர்ந்து தளர்ந்து, இந்தியக் கரையை அணுகும்போது மறைவதும் அப்போது புலனாயின. ஒரே கடலின் இரு கரைகளில் ராடாரின் நிலை எவ்வளவு வேறுபடும் என்பதற்கு இது சான்று.

ஒரு கணக்கு

கடற்பரப்பை ஒட்டி வெப்பநிலை 301 கெல்வின், அதாவது 28 பாகை சென்டிகிரேடு. காற்றழுத்தம் 1,010 மில்லிபார். நீராவி அழுத்தம் 30 மில்லிபார் எனக் கொள்வோம். மேற்கூறிய முறைப்படி விலகல் அலகு 384 ஆகும். 100 மீட்டர் உயரத்தில் நிலக்காற்றுப் பரவியிருப்பதால் வெப்பநிலை 304 கெல்வின், காற்றழுத்தம் 999 மில்லிபார், நீராவி அழுத்தம் 18 மில்லிபார் எனக் கொண்டால், அங்கே விலகல் அலகு 328 ஆகும். 100 மீட்டருக்குள் 56 அலகு குறைந்திருக்கின்றது. நாளம் உண்டாக 100 மீட்டருக்கு 15.7 அலகு குறைந்தாலே போதும். இங்கே குறைவு அதனைப்போல் மூன்றரை மடங்கு. ஆகவே இக்கடல்மேல் வலிமையான நாளம் இருப்பது உறுதி.

ஆனால் நாளம் இருப்பதனால் மட்டும் எல்லா அலையும் அதில் அகப்படுவதில்லை. சிறு குழாயில் பெரிய பந்து நுழையாதது போல, மெல்லிய நாளத்தில் நீண்ட அலை தங்காது. தோராயமான விதிப்படி, 3 சென்டிமீட்டர் அலைக்கு 11 மீட்டர் தடிப்பும், 10 சென்டிமீட்டர் அலைக்கு 25 மீட்டர் தடிப்பும், 1½ மீட்டர் அலைக்கு 150 மீட்டர் தடிப்பும் தேவை.

இவ்விதியைக் கொண்டு பம்பாய் எதிரொலியை மீண்டும் நோக்குவோம். அந்த ராடாரின் அலை 1½ மீட்டர் நீளமுடையது. ஆதலின் அதனை அரேபியா வரை கொண்டு சென்றது ஆவியாதல் நாளமாக இருந்திருக்க முடியாது. ஏறத்தாழ 150 மீட்டரேனும் தடித்த நாளம் கடலின் குறுக்கே நெடுந்தொலைவு தொடர்ந்து பரவியிருக்க வேண்டும். கோடையில் பாலைநிலங்களிலிருந்து வரும் உலர்காற்று, ஈரமான கடற்காற்றின்மேல் பரவி அத்தகைய நாளத்தை அமைத்தது. பருவக்காற்று வந்ததும், பலத்த காற்று அடுக்குகளைக் கலக்கியது, ஈரம் உயரம்வரை பரவியது, நாளம் குலைந்தது.

இதில் ஓர் இடரும் உண்டு. ராடார் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கின்றது. நொடிக்கு 1,000 துடிப்புகள் அனுப்பும் ராடார் 150 கிலோமீட்டர் வரைதான் ஐயமின்றி அளக்க இயலும். அதற்கு அப்பாலிருந்து வரும் எதிரொலி, அடுத்துச் சென்ற துடிப்பின் எதிரொலியாகக் கொள்ளப்படும். எனவே 1,810 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலை, திரையில் 10 கிலோமீட்டர் தொலைவில் நிற்பதாகத் தோன்றும். அடுத்த நாட்டின் மலையைத் துறைமுகத்தை நெருங்கும் கப்பல் என மயங்குதல் இவ்வாறே நிகழ்கின்றது.

பலூன் காட்டாதவை

காற்றின் அடுக்குகளை அறிந்தால் நாளத்தை அறியலாம். அவ்வடுக்குகளை அளக்கும் கலையில் புனே நகருக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1928-ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து இந்நகருக்கு மாற்றப்பட்டது. 1932-ஆம் ஆண்டில் எல். ஏ. ராமதாஸ் அவர்களும் ஆத்மநாதன் அவர்களும், தெளிந்த அமைதியான இரவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை தரையில் இல்லாமல், தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே அமைவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். தொடக்கத்தில் பலர் இதனை ஐயுற்றனர்; பின்னர் வந்த அளவீடுகள் உறுதி செய்தன. அவ்வடுக்கு இன்றும் ராமதாஸ் அடுக்கு என்றே வழங்குகின்றது. 1940-களில் புனேயில் எஸ். பி. வெங்கடேசுவரன் அவர்களின் முயற்சியால் விசிறி வகை ரேடியோசாண்டு உருவாயிற்று. பலூனில் கட்டி விடப்படும் இக்கருவி, மேலே செல்லும்போதே அளவுகளை வானொலி வழியாகத் தரைக்கு அனுப்புவது.

ரேடியோசாண்டு பலூன்கள் பொதுவாக நாள்தோறும் இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 மணியையொட்டி விடப்படுகின்றன. அவை தரும் அளவுகள் இன்றியமையாதவை. எனினும் நாளத்தைப் பொறுத்தவரை மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, பலூன் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஏறும். 15 மீட்டர் உயரமுள்ள ஆவியாதல் நாளத்தை மூன்றே நொடிகளில் கடந்துவிடும். இரண்டாவது, பலூன் கரையிலிருந்து விடப்படுகின்றது. விடியற்காலையில் கரையில் வீசுவது நிலக்காற்று. அதன் ஈரத்தைக் கொண்டு நடுக்கடலின் ஈரத்தை உய்த்துணர முடியாது. மூன்றாவது, இரு பலூன்களுக்கு இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தில் கடற்காற்று எழுந்து ஓய்ந்துவிடும்.

கணித மாதிரியின் துணை

இக்குறைகளை நிரப்பவே வானிலை முன்னறிவிப்பு மாதிரிகள் நாடப்படுகின்றன. இம்மாதிரி வளிமண்டலத்தைக் கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் பகுத்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பநிலை, ஈரம், அழுத்தம் ஆகியவை எவ்வாறு மாறும் என்பதை இயக்கவியல், வெப்பவியல் சமன்பாடுகளால் கணக்கிடுகின்றது. மழையையும் புயலையும் அறிவிப்பதற்கெனப் பெற்ற இதே அளவுகளிலிருந்து விலகல் அலகையும் கணக்கிடலாம் என்பதே இம்முறையின் அடிப்படை.

1962-ஆம் ஆண்டில் புனேயில் நிறுவப்பெற்ற இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய மாதிரிகள் உருவாக்கப்பட்டு வருகின்றன. அங்கே 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'அர்க்கா' என்னும் மீத்திறன் கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் திறன் 11.77 பெட்டாஃபிளாப்பு, அதாவது நொடிக்கு ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் லட்சம் கோடி கணக்குகள். அந்நிலையத்தார் உருவாக்கிய 'பாரத் முன்னறிவிப்பு முறை' 2025-ஆம் ஆண்டு மே மாதம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதன் கட்டம் 6 கிலோமீட்டர் அளவினது.

நாளத்தை ஆராயும் பணி நான்கு படிகளில் நடைபெறும்.

முதற்படியில், மாதிரியின் ஒவ்வோர் அடுக்கிலும் விலகல் அலகைக் கணக்கிட்டு, அது கிலோமீட்டருக்கு 157 அலகுக்கு மேல் குறையும் இடங்களைக் குறிக்க வேண்டும். தடித்த நாளமும் உயர்நாளமும் இதனால் வெளிப்படும். ஐரோப்பிய நடுத்தரக்கால முன்னறிவிப்பு மையம் 1940 முதலான வானிலையை மறுகணக்கிட்டு வெளியிட்டுள்ள தொகுப்பில், நாளத்தின் அடிமட்ட உயரம் போன்ற அளவுகள் மணிவாரியாகவே இடம்பெற்றுள்ளன.

இரண்டாம் படியில் ஆவியாதல் நாளத்தைக் கணிக்க வேண்டும். மாதிரியின் அடுக்குகள் இந்நாளத்தைப் பகுத்துக் காட்டும் அளவுக்கு நெருக்கமானவை அல்ல. ஆகவே கடல்நீரின் வெப்பநிலை, அதன்மேல் வீசும் காற்றின் வேகம், காற்றின் வெப்பநிலை, ஈரம் ஆகியவற்றைக் கொண்டு, சோவியத் விஞ்ஞானிகளான மோனின், ஒபுகாவ் என்பார் 1954-இல் வகுத்த விதிகளின்படி, இடைப்பட்ட சில மீட்டர்களின் நிலையை நிரப்ப வேண்டும்.

மூன்றாம் படியில், இவ்வடுக்குகளின் ஊடே ராடார் அலை செல்லும் பாதை கணக்கிடப்படும். லியன்டோவிச், ஃபாக் ஆகியோர் 1946-இல் காட்டிய பரவளைவுச் சமன்பாட்டு முறை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. எவ்வுயரத்தில், எவ்வளவு தொலைவில் ராடாரின் ஆற்றல் எவ்வளவு எஞ்சும் என்பது இதனால் தெரியும்.

நான்காம் படி சோதனை. பலூன், கப்பல், கடல்மிதவை ஆகியவற்றின் அளவுகளோடும், ராடாரில் உண்மையாகக் கண்ட எதிரொலிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மாதிரியின் சொல்லை ஏற்றல் தகும்.

மாதிரி தவறும் இடங்கள்

மழை முன்னறிவிப்பில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு பிழை, நாளக் கணிப்பில் பெரும் பிழையாகிவிடும். ஒரு கிலோகிராம் காற்றில் ஒரு கிராம் நீராவியை மாதிரி தவறாகக் கணித்துவிட்டது எனக் கொள்வோம். நீராவி அழுத்தத்தில் அது ஏறத்தாழ 1.6 மில்லிபார் ஆகும். விலகல் அலகில் 6 முதல் 7 வரை வரும். 100 மீட்டர் அடுக்கில் நாளம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் எல்லை 15.7 அலகு என்று கண்டோம். ஒரு கிராம் பிழை அவ்வெல்லையில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகின்றது.

மேலைக் கடற்கரையில் இடர் இன்னும் மிகுதி. கடலிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தொலைவிலேயே சகியாத்திரி மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. பகலில் கடற்காற்று கொங்கணத்தின் குறுகிய சமநிலத்தைக் கடந்து மலையில் மோதுகின்றது. இரவில் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று கடலை நோக்கி இறங்குகின்றது. 12 கிலோமீட்டர் கட்டத்தில் இவை மங்கிப்போகும். ஆதலின் கரையோரப் பகுதிக்கு மட்டும் ஓரிரு கிலோமீட்டர் கட்டமுள்ள நுண்மாதிரியைப் பெரிய மாதிரிக்குள் பொருத்திக் கணக்கிடுவர். கடல்நீரின் வெப்பநிலையையும் அன்றன்று திருத்தித் தருதல் வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஐயம் எஞ்சுமாயின், அதனை மறைக்காமல் சொல்லுதலே முறை. புனேயில் 2018-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்த தொகுதி முன்னறிவிப்பில், தொடக்க அளவுகளைச் சிறிது சிறிது மாற்றி 21 முன்னறிவிப்புகள் கணக்கிடப்பட்டன. அவ்வகைத் தொகுதியில் 18 முன்னறிவிப்புகள் நாளத்தைக் காட்டினால் அதனை எதிர்பார்க்கலாம். 5 மட்டுமே காட்டினால் ஐயத்துடன் கொள்ளலாம். ஆம், இல்லை என்னும் ஒரே சொல்லைக் காட்டிலும் இவ்விடை பயனுடையது.

இதனால் ஆகும் பயன்

மும்பை, கோவா, கொச்சி, காரைக்கால், சென்னை, மசூலிப்பட்டினம், விசாகப்பட்டினம் முதலிய இடங்களில் வானிலை ராடார்கள் இயங்குகின்றன. நாளம் உள்ள நாளில் அவற்றின் கதிர் கீழே வளைந்து கடல் அலைகளில் பட்டுத் திரும்பும். திரையிலோ மழை பெய்வது போலத் தோன்றும். மேகமற்ற வானத்தில் பொய்மழை காண்பது இதனாலேதான். அப்பொய்மழையை நீக்காமல் கணிப்பொறிக்கு அளித்தால், அடுத்த முன்னறிவிப்பும் கெடும்.

கடற்காவலுக்கு இது மேலும் முக்கியம். 2008-ஆம் ஆண்டு நவம்பரில் மும்பையின்மேல் கடல்வழியாக வந்து நடத்தப்பட்ட தாக்குதலுக்குப் பின்னர், நம் கரையோரம் நெடுகிலும் கண்காணிப்பு ராடார்கள் நிறுவப்பட்டன. நாளம் வலுத்திருக்கும் நாளில் இவை தொடுவானத்திற்கு அப்பாலுள்ள சிறு படகையும் காணக்கூடும். நாளம் இல்லாத நாளில் அதே படகு மிக நெருங்கிய பின்னரே தென்படும். அன்றியும், அலையின் ஆற்றல் நாளத்திற்குள் அடைபடுவதால், அதற்குச் சற்று மேலே ஆற்றல் குன்றிய இருட்பகுதி ஒன்று உண்டாகின்றது. அப்பகுதியில் பறக்கும் விமானம் வழக்கமான தொலைவில் இருந்தும் காணப்படாமற் போகலாம். கடலில் வழிதவறிய மீன்பிடிப் படகைத் தேடுவோர்க்கும் இவ்வறிவு வேண்டும். திரை வெறுமையாக இருப்பதைக் கண்டு, கடலும் வெறுமையாக உள்ளது என முடிவு செய்தால் ஓர் உயிர் போய்விடக்கூடும்.

எனவே ராடார் இயக்குவோர்க்கு நாள்தோறும் இரு செய்திகள் தேவை. ஒன்று, திரையில் காண்பது. மற்றொன்று, இன்று அத்திரை எவ்வளவு தொலைவு, எவ்வுயரம் வரை நம்பத்தக்கது என்பது. முதலாவதைக் கருவி தருகின்றது. இரண்டாவதை வானிலை மாதிரி தர முடியும். போர்க்காலத்தில் பம்பாயில் அரேபியாவின் எதிரொலியைக் கண்டவர்கள், அது தோன்றிய பிறகே காரணத்தை ஆராய நேர்ந்தது. இன்று அதே கடலின் காற்றைப் பற்றிய கணக்கு முன்னதாகவே செய்யப்படுகின்றது. அக்கணக்கில் கடல்மட்டத்தை ஒட்டிய சில பத்து மீட்டர் காற்று எவ்வளவு நுட்பமாக இடம்பெறுகின்றதோ, அவ்வளவுக்கு நம் ராடார்களின் பார்வையும் தெளிவுபெறும். ஆதலின் கடல்மிதவைகளிலும் கப்பல்களிலும் ஈரத்தையும் வெப்பத்தையும் நெருக்கமாக அளக்கும் ஏற்பாடுகள் பெருகுதல் வேண்டும். மாதிரியின் பிழையை அறியவும் திருத்தவும் அவ்வளவுகளே உரைகல்லாகும்.